சிறுவயதில் பொருள் புரியாமல் பாடிய ‘சுராங்கனி’

‘சுராங்கனி’ என்ற பாடலை அறியாத தமிழர் குறைவு. ஐம்பது வயதைக் கடந்தவர்களில் பலருக்கு அது சிறுவயதில் வானொலியில் கேட்ட பாட்டு. வீட்டுத் திருமணத்திலும் பள்ளிச் சுற்றுலாப் பேருந்திலும் கைதட்டிப் பாடிய பாட்டு. ஆனால், அதன் பல்லவிக்கு என்ன பொருள் என்று கேட்டால் பெரும்பாலோர் சிரித்து மழுப்பிவிடுவார்கள். ஏதோ வேடிக்கைக்காகச் சேர்த்த ஓசைகள் என்றே அவர்கள் எண்ணியிருந்தார்கள்.

உண்மையில் அது தெளிவான சிங்களம். ‘மாலு’ என்றால் மீன். சுராங்கனி என்ற பெண்ணுக்காக மீன் கொண்டுவந்திருப்பதைத்தான் அந்தப் பல்லவி சொல்கிறது. பொருள் தெரிந்த பிறகு பாடலைத் திரும்பக் கேட்டால், இலங்கையின் கடற்கரை கண்முன் வந்து நிற்கும்.

அந்தத் துள்ளலுக்கு ‘பைலா’ என்று பெயர். ஆடுதல் என்று பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது இது. 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கீசியர், 1658 வரை அதன் கரையோரப் பகுதிகளில் ஆதிக்கம் செலுத்தினர். அவர்களின் பாட்டும், அவர்களோடு வந்த ஆப்பிரிக்க மக்களின் தாளமும் அம்மண்ணில் கலந்தன. ஆட்சி போனது, தாளம் தங்கிவிட்டது. 6/8 கணக்கில் ஓடும் அந்தத் தாளம், தமிழர் இசையில் திஸ்ர நடை எனப்படுவதற்கு நெருக்கமானது. தமிழ்க் காதுகளுக்கு அது அந்நியமாகப் படாததற்கு இதுவும் ஒரு காரணம். காவல்துறையில் பணியாற்றிய வொலி பஸ்தியன் போன்றவர்கள் 1940களில் பைலாவைச் சிங்கள மேடைகளில் புகழ்பெறச் செய்தார்கள்.

தமிழில் இந்தத் துள்ளிசைக்கு வழி திறந்தவர்களில் முதன்மையானவர், ‘சின்ன மாமியே’ பாடிய நித்தி கனகரத்தினம். 1970களில் ஏ.ஈ.மனோகரன் ‘சுராங்கனி’யைச் சிங்களப் பல்லவியோடும் தமிழ் அடிகளோடும் பாடினார். ‘பொப்பிசைச் சக்கரவர்த்தி’ என்ற பட்டம் அவருக்கு நிலைத்தது. தமிழ்நாட்டில் அவர் சிலோன் மனோகர் ஆனார்.

அங்கே அந்தப் பாட்டைக் கொண்டுசேர்த்ததில் இலங்கை வானொலியின் பங்கு பெரிது. தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில்கூட அதன் தமிழ் ஒலிபரப்புக்குத் தனிக் கூட்டம் இருந்த காலம் அது. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா அதே ‘சுராங்கனி’யைப் பயன்படுத்தினார். படத்தில் அதைப் பாடியவர்களில் ஒருவர் கிள்ளானில் பிறந்த மலேசியா வாசுதேவன். இலங்கையில் பிறந்த பாட்டு, மலேசிய மண்ணின் குரலில் தமிழகத் திரைக்குப் போனது.

இதை வெறும் வேடிக்கைப் பாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்த நாடு இலங்கை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. 1983 ஜூலையில் தமிழர் உயிரும் உடைமையும் பறிபோயின. இவற்றுக்கு நடுவே, ஒரு தமிழர் பாடிய பாட்டில் சிங்களமும் தமிழும் ஒரே தாளத்தில் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருந்தன. அந்தப் பாட்டு போரைத் தடுத்துவிடவில்லை. எந்தப் பாட்டாலும் அது இயலாது. ஆனால் இரு மொழிகளும் ஒரே வீட்டு விழாவில் ஒன்றாக ஒலிக்க முடியும் என்பதற்கு அது இன்றும் சாட்சி.

மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். மலேசியா வாசுதேவன் 2011இலேயே மறைந்துவிட்டார். பாடியவர்கள் போனாலும் பாட்டு இருக்கிறது. இன்றைய பிள்ளைகள் கைப்பேசியில் அதை நொடியில் தேடிக் கேட்டுவிடலாம். ஆனால் அதன் பொருளையும் வரலாற்றையும் வீட்டுப் பெரியவர்கள்தாம் சொல்லித்தர வேண்டும். சுராங்கனிக்கு மீன் வந்த கதையோடு, அந்த மீன் எந்தக் கடலிலிருந்து வந்தது என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.