ஏடும் தேர்வும்

மாணவ நண்பர்களே, தேர்வு என்றதும் உங்கள் நெஞ்சில் எழும் நடுக்கத்தை நான் நன்கறிவேன். ஆயுள் முழுவதும் விடைத்தாள் திருத்தியவனல்லவா? ஆனால், ஐம்பது வயதில் முதன்முதலாக எழுதுகோல் பற்றும் ஒருவருக்கும் தேர்வு வேண்டுமா என்னும் வினா நம் நாட்டுக் கல்வி வரலாற்றில் பன்முறை எழுந்துள்ளது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பார் இதனை எளிதில் தீர்த்துக்கொண்டனர். 1991-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஏழு வயது நிரம்பிய ஒருவர் ஏதேனும் ஒரு மொழியைப் பொருளுணர்ந்து படிக்கவும் எழுதவும் வல்லவராயின் எழுத்தறிவுடையவரே. அவர் எத்தேர்விலும் தேறியிருக்க வேண்டுவதில்லை. வாய்ச்சொல்லே சான்று!

1988-இல் தோன்றிய தேசிய எழுத்தறிவு இயக்கம் அவ்வளவில் அமையவில்லை. நிமிடத்திற்கு 30 சொற்களை வாய்விட்டுப் படித்தல், 7 சொற்களைப் பார்த்தெழுதுதல், 5 சொற்களைக் கேட்டெழுதுதல், 100 வரை எண்ணறிதல் என அளவு வகுத்தது. அளவினும் என்னைக் கவர்ந்தது அளந்த முறையே. பாடநூல்கள் மூன்று. பாடமும் பயிற்சியும் சோதனையும் ஒரே நூலினுள் அடங்கின. நூலுக்கு மூன்றாக ஒன்பது சோதனைகள். கற்பவர் அந்த ஏட்டிலேயே எழுதினார். முதற் பக்கத்துக் கோணற்கோடும் பிற்பக்கத்து முழு வாக்கியமும் அருகருகே நின்று அவர் நடந்த தொலைவைக் காட்டின. பணித்தொகுப்பு மதிப்பீடு என்று கல்வியாளர் இன்று வழங்குவது பெரும்பாலும் இதுவே.

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது இத்தகைய ஏடுகள் சிலவற்றைப் புரட்டும் பேறு பெற்றேன். மண்ணெண்ணெய்க் கறை படிந்த ஓர் ஏட்டின் ஓரமெங்கும் ஒரு தாய் தம் மகளின் பெயரையே எழுதியிருந்தார். பாடத்தில் இல்லாத சொல் அது. (அம்மாவட்டப் பெண்கள் அந்நாளில் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி ஓட்டக் கற்றதையும் எந்த வினாத்தாளும் அளக்கவில்லை.)

எனினும் ஏட்டில் எழுதிய கை எவருடையது? கணக்குக் காட்டும் அவசரத்தில் தொண்டர் ஒருவர் கைப்பிடித்து எழுதுவித்திருக்கலாமே! இவ்வையம் நியாயமானது. 1992-இல் தவே குழு இதற்கு வழி கண்டது. படிப்பு, எழுத்து, கணக்கு ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 50, மொத்தத்தில் 70 பெறல் வேண்டும் என்றது. இவ்வளவுகோலைக் கொண்டு வெளியார் வந்து, கற்றோருள் ஒரு பகுதியினரை மட்டும் சோதித்தனர். அச்சோதனை எடை போட்டது இயக்கத்தையே அன்றித் தனி மனிதரை அன்று. இதனினும் நேர்மையான ஏற்பாட்டை நான் கண்டதில்லை.

2009-இல் தொடங்கிய சாக்ஷர் பாரத் திட்டத்தில் தராசு மனிதர்பால் திரும்பியது: ஒரே நாள், 150 மதிப்பெண், சான்றிதழ். அத்திட்டம் 2018-இல் முடிவுற்றது. 2022-இல் வந்த புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் 150 மதிப்பெண் தேர்வையே மேற்கொண்டது. இதில் இன்பமே இல்லை என்று சொல்லேன். 2018-இல் கேரளத்தின் எழுத்தறிவுத் தேர்வில், 96 வயதுக் கார்த்தியாயனி அம்மாள் நூற்றுக்கு 98 பெற்றபோது நாடே மகிழ்ந்தது. பொதுத் தேர்வொன்று இல்லையேல் அம்மூதாட்டியை யார் அறிந்திருப்பர்?

ஆயினும் தேர்வு நாளன்று நாற்று நடச் சென்றதால் வரமுடியாத பெண்ணை நினைத்துப் பாருங்கள். அந்நாளைய வருகைப் பதிவில் அவர் பெயருக்கு எதிரே இருப்பது ஒரு வெற்றிடம். 1988-இன் முறையிலாயின், இரண்டாம் ஏட்டின் ஆறாம் சோதனை வரையிலேனும் அவர் கையெழுத்து இருந்திருக்கும்.