கோடைக் குளத்தில் வெப்பமண்டல மீன் வளர்ப்பு

குளிர்காலம் கடுமையான நாடுகளில், வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டியில் வளரும் வெப்பமண்டல அலங்கார மீன்களைக் கோடையில் மட்டும் தோட்டத்துக் குளத்திலோ திறந்தவெளித் தொட்டியிலோ விட்டு வளர்க்கும் முறை இது. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மீன் ஆர்வலர்களிடையே பழக்கத்தில் உள்ளது. பெரும்பாலும் மே இறுதியில் மீன்களை வெளியே விட்டு, செப்டம்பரில் உள்ளே எடுத்துக்கொள்கிறார்கள். சென்னையின் கொளத்தூர் அலங்கார மீன் பண்ணைகளில் ஆண்டு முழுவதும் திறந்தவெளி சிமெண்ட் தொட்டிகளில் வளரும் கப்பிக்கும் மோலிக்கும் அந்நாடுகளில் மூன்று நான்கு மாதங்களே வெளிக்காற்று கிடைக்கிறது.

வெப்பநிலை

மீன்களை எப்போது வெளியே விடுவது என்பதைப் பகல் வெயிலைவிட இரவுக் குளிரே தீர்மானிக்கிறது. இரவிலும் தண்ணீர் 16 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்காத நிலை வந்த பிறகே தாங்குதிறன் மிக்க இனங்களை விடலாம்; மற்றவற்றுக்கு 20 டிகிரிக்கு மேல் வேண்டும். கொள்ளளவு குறைந்த தொட்டி பகலில் விரைவாகச் சூடேறி இரவில் விரைவாகக் குளிரும். இந்த ஏற்றத்தாழ்வு மீனின் நோய் எதிர்ப்பைக் குறைத்து வெண்புள்ளி நோய்க்கு வழிவிடும். அதனால் கொள்ளளவு கூடிய தொட்டியே பாதுகாப்பானது. நண்பகல் வெயில் நேரடியாக விழாத இடத்தில் அதை வைப்பது நல்லது.

ஏற்ற இனங்கள்

கப்பி, பிளாட்டி, வாள்வால் மீன் ஆகிய குட்டி போடும் இனங்கள் இம்முறைக்கு மிகவும் உகந்தவை. சீனாவின் குவாங்சோ அருகேயுள்ள பையுன் மலை ஓடைகளிலிருந்து 1932இல் அறிவியலுக்கு அறிமுகமான ஒயிட் கிளவுட் மீன், குளிரை நன்கு தாங்கும். 1869இல் பாரிஸுக்குக் கொண்டுவரப்பட்ட பாரடைஸ் மீனும் அத்தகையதே. காற்றை நேரடியாகச் சுவாசிக்கக் கூடியது என்பதால் ஆக்சிஜன் குறைந்த நீரிலும் பிழைக்கும். டிஸ்கஸ் போன்று நிலையான வெப்பம் தேவைப்படும் மீன்களுக்கு இம்முறை ஒத்துவராது.

உணவும் நிறமும்

கண்ணாடித் தொட்டியில் எளிதில் தர முடியாத உணவு குளத்தில் தானாக உருவாகிறது. வெயிலில் நுண்பாசி பெருகித் தண்ணீர் பச்சையாகும். அதைத் தின்று டாஃப்னியா என்னும் நுண்ணிய நீருயிரி பெருகும். கொசு முட்டையிட்டுப் புழுக்கள் நெளியும். பெரிய மீன்கள் டாஃப்னியாவையும் கொசுப்புழுவையும் தின்ன, அன்று பிறந்த குஞ்சுகள் பாசிக்கொத்துகளில் ஒட்டிய நுண்ணுயிர்களைக் கொத்தித் தின்னும். இந்த உணவில் உள்ள கரோட்டினாய்டு நிறமிகளால் மீனின் சிவப்பும் மஞ்சளும் ஆழமாகின்றன. கோடை முழுதும் வெளியே வளர்ந்த வாள்வால் மீனை உள்ளேயே வளர்ந்ததன் பக்கத்தில் வைத்தால், உடற்கட்டிலும் வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

ஆபத்துகள்

நீர் சூடேற ஆக்சிஜன் கரையும் அளவு குறைகிறது: 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரையும் நீரில், 30 டிகிரியில் 7.5 மில்லிகிராமே கரையும். பகலில் ஆக்சிஜன் தரும் பாசி, இரவில் அதை எடுத்துக்கொள்கிறது. எனவே விடியற்காலையே மிக ஆபத்தான நேரம். மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், உடனே ஏர் பம்பை இயக்கி, தண்ணீரில் ஒரு பகுதியை மாற்ற வேண்டும்.

நாரை, பூனை, வட அமெரிக்காவில் ரக்கூன் ஆகியவற்றை வலை தடுக்கும். தட்டானின் இளம்புழுவை வலையால் முழுமையாகத் தடுக்க முடியாது. நீருக்கடியில் அசையாமல் காத்திருந்து, மடக்கி வைத்த கீழுதட்டைச் சட்டென நீட்டிக் குஞ்சைப் பிடித்துவிடும். குஞ்சுகளின் எண்ணிக்கை காரணமின்றிக் குறைந்தால் முதலில் இதைத்தான் தேட வேண்டும்.

உள்ளே எடுத்தல்

இரவுக் குளிர் திரும்புமுன் மீன்களை எடுத்துவிட வேண்டும். தண்ணீரைப் பாதிக்கு மேல் இறைத்து, செடிகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தால்தான் ஒளிந்த குஞ்சுகள் அகப்படும். பிடித்த மீன்களை உள்தொட்டி நீருக்கு மெல்லப் பழக்கி, சில வாரம் தனியே வைத்துக் கவனிப்பது நோய் பரவாமல் தடுக்கும்.

சூழல் பொறுப்பு

பெண் கப்பி விந்தணுவை மாதக்கணக்கில் உடலில் சேமித்து வைக்கும். ஆண் துணையின்றியே மீண்டும் மீண்டும் குட்டி போடும். தப்பிய ஒரே மீனிலிருந்து ஒரு கூட்டம் உருவாகலாம். ஜெர்மனியில் கொலோன் அருகே, மின்நிலையத்தின் வெந்நீர் கலக்கும் கில்பாக் ஓடையில் கப்பிகள் நிலைபெற்றுப் பெருகியது, வெளியே சென்ற மீன்கள் நிலைகொள்ள முடியும் என்பதற்குச் சான்று. செடிகளும் அவ்வாறே: வெங்காயத் தாமரையை ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் ஆக்கிரமிப்பு இனப் பட்டியலில் சேர்த்து, அதன் விற்பனையையும் வளர்ப்பையும் தடை செய்தது. ஆகவே வெள்ளம் ஏறாத இடத்தில் தொட்டி அமைப்பதும், மிகுந்த மீன்களை மற்ற வளர்ப்பாளர்களுக்குத் தருவதும், இறைத்த நீரை ஓடையில் விடாமல் புல்தரையில் ஊற்றுவதும் இம்முறையின் பிரிக்க முடியாத பகுதிகள்.