மிசூலாவிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை: எல்லாப் பாதைக்கும் ஒரு சைக்கிள், இருபது கறுப்பினச் சிப்பாய்கள்

ஒரே ஒரு சைக்கிள்தான் வாங்க முடியும். அது தார்ச்சாலையிலும் போக வேண்டும், மழையில் சேறாகிற வண்டிப்பாதையிலும் போக வேண்டும், பின்னால் சுமையும் ஏற்ற வேண்டும். எதை வாங்கலாம்? களப்பணிக்கு வரும் மாணவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கிறார்கள். கடைக்காரர் 'ஹைப்ரிட்' என்ற ஒன்றைக் காட்டுவார், இப்போதுதான் கண்டுபிடித்ததுபோலப் பேசுவார். இதே கேள்விக்கு விடை தேடி 1897-இல் ஒரு நாட்டின் ராணுவமே மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் சைக்கிளை ஓட்டிப் பார்த்திருக்கிறது. ஓட்டிப் பார்த்தவர்கள் கறுப்பினச் சிப்பாய்கள். நம் இளைஞர்கள் இந்த வரலாற்றைச் சைக்கிளுக்காகவும் படிக்கலாம், சைக்கிளைத் தாண்டியும் படிக்கலாம்.

1890-கள் அமெரிக்காவில் சைக்கிள் பித்துப் பிடித்த காலம். காற்றடைத்த ரப்பர் டயர் வந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. நல்ல சாலை வேண்டும் என்று அரசை நெருக்கிய பெரிய அமைப்பு 'லீக் ஆஃப் அமெரிக்கன் வீல்மென்'. அந்த அமைப்பு 1894-இல் தன் விதியைத் திருத்தி, வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று எழுதிக்கொண்டது. சாலை எல்லாருக்கும், சங்கம் எங்களுக்கு. அந்த விதியை வெளிப்படையாகக் கைவிட்டு அறிவிக்க அவர்களுக்கு 1999 வரை ஆயிற்று. 1896 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பிளெஸ்ஸி வழக்கில் 'தனித்தனி, ஆனால் சமம்' என்று தீர்ப்பளித்து, ரயில் பெட்டியில் நிறத்தின் பெயரால் பிரிப்பதைச் சட்டப்படி சரியென்றது. நமக்குத் தெரிந்த இரட்டைக் குவளைக்கு அவர்கள் கண்டுபிடித்த சட்ட மொழி அது.

அந்தத் தீர்ப்பு வந்த கோடையிலேயே, மொன்டானா மாநிலத்தில் மிசூலா கோட்டையில் இருந்த 25-ஆம் காலாட்படையில் ஒரு சைக்கிள் படைப்பிரிவு தொடங்கப்பட்டது. 25-ஆம் படை முழுக்கக் கறுப்பினத்தவர் படை, அதிகாரிகள் வெள்ளையர். லெப்டினன்ட் ஜேம்ஸ் மாஸ் என்ற இளம் அதிகாரிக்கு ஒரு யோசனை: குதிரைக்குப் புல்லும் தண்ணீரும் வேண்டும், சைக்கிளுக்கு வேண்டாம், அது சத்தம் போடாது, தூசி கிளப்பாது. தளபதி நெல்சன் மைல்ஸ் அனுமதி தந்தார்.

இங்கே ஓரிடத்தில் நிற்க வேண்டும். இந்தக் கறுப்பினப் படைகள் யாருக்கு எதிராகப் பயன்பட்டன? பூர்வகுடி மக்களுக்கு எதிராகவும், 1892-இல் ஐடஹோ சுரங்கத் தொழிலாளர் போராட்டத்துக்கு எதிராகவும் அனுப்பப்பட்டன. ஒடுக்கப்பட்டவர் கையில் துப்பாக்கி கொடுத்து இன்னொரு ஒடுக்கப்பட்டவர் முன் நிறுத்துவது எந்த ஆட்சிக்கும் எளிது. ஆனாலும் சீருடை ஒரு மதிப்பைத் தந்தது, மாதச் சம்பளம் தந்தது. அதே 1890-களில் நம் நாட்டில் ஆங்கிலேயர், 'போர்க்குணமுள்ள இனம்' என்ற பொய்க் கோட்பாட்டைச் சொல்லி மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தியிருந்தார்கள். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதாராக இருந்தவர். படைக் கதவு மூடியபோது அந்த மக்கள் இழந்தது என்ன என்று அறிந்தவர்களுக்கு, 25-ஆம் படையின் சிப்பாய்கள் ஏன் இவ்வளவு உறுதியோடு மிதித்தார்கள் என்பதும் புரியும்.

1896-இல் ஏரிக்கும் யெல்லோஸ்டோன் பூங்காவுக்கும் போய்வந்த பயணங்கள் ஒத்திகை. ஆழமான ஓடை வந்தால் சைக்கிளைக் கழியில் கோத்து இருவர் தோளில் சுமந்து கடந்தார்கள். அந்தப் பாடங்களை வைத்து 1897-க்கான சைக்கிளை முடிவு செய்தார்கள். ஸ்பால்டிங் நிறுவனம் விளம்பரத்துக்காக இலவசமாகவே கொடுத்தது. அக்காலச் சைக்கிள்களில் ரிம் பெரும்பாலும் மரத்தால் ஆனது. இவர்கள் எஃகு ரிம் கேட்டு வாங்கினார்கள். முன் ஃபோர்க் கூடுதல் கனம். செயினுக்கு முழு மூடி. சட்டத்தின் நடுவே இருக்கும் முக்கோண இடைவெளியில் பொருள் வைக்க ஒரு பெட்டி, பின்னால் கேரியர். ஹேண்டில்பாரில் போர்வையும் கூடாரத் துணியும் சுருட்டிக் கட்டப்பட்டன. வெறும் சைக்கிள் 32 பவுண்டு, அதாவது பதினான்கரைக் கிலோ. சுமை ஏற்றியபின் சராசரி 59 பவுண்டு, கிட்டத்தட்ட 27 கிலோ. கியர் ஒன்றே ஒன்று. இது போக ஒவ்வொருவர் முதுகிலும் ஏறக்குறைய பத்துப் பவுண்டு துப்பாக்கி.

நம் அப்பாக்கள் ஓட்டிய கறுப்பு டபுள் பார் சைக்கிளை நினைத்துப் பாருங்கள். ஒரே கியர், எஃகு ரிம், கனத்த ஃபோர்க், செயின் கவர், நெல்மூட்டை தாங்கும் கேரியர். ஏறக்குறைய அதே பட்டியல். 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய பிறகு இங்கே பல தலைமுறைகள் மிதித்தது அந்த வகையைத்தான். மேட்டில் இறங்கித் தள்ள வேண்டும், வேகமும் கிடைக்காது. ஆனால் ஊர் முக்கில் இருக்கும் பஞ்சர் கடையில் அதற்கு வைத்தியம் உண்டு. இன்று வாங்குகிறவர்களும் முதலில் ரிம்மையும் டயரையும் பார்க்க வேண்டும், கியரைப் பிறகு பார்க்கலாம் என்பது எங்கள் கருத்து. கொஞ்சம் அகலமான டயர், கேரியரும் மட்கார்டும் மாட்ட இடம், உள்ளூரில் கிடைக்கும் உதிரிபாகம். இருபத்தோரு கியர் இருந்து, ஒரு கம்பி அறுந்தால் மாவட்டத் தலைநகருக்கு ஓட வேண்டுமென்றால் களப்பணிக்கு அது பயன்படாது. 1897-இல் இதற்கும் ஏற்பாடு இருந்தது. சிப்பாய் ஜான் ஃபின்ட்லி படையில் சேருமுன் சிகாகோவில் சைக்கிள் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பழுது பார்க்கும் பொறுப்பு அவருடையது.

1897 ஜூன் 14 அன்று இருபது சிப்பாய்கள், மாஸ், ஒரு ராணுவ மருத்துவர், எட்வர்ட் பூஸ் என்ற பத்தொன்பது வயதுச் செய்தியாளர் ஆகியோர் மிசூலாவிலிருந்து கிளம்பினார்கள். மலை, சமவெளி, மணல் எல்லாம் வரவேண்டும் என்றே செயின்ட் லூயிஸ் பாதையைத் தேர்ந்திருந்தார்கள். தொடக்கத்திலேயே மழை. அங்கத்து மண் களிமண்ணைவிட மோசமான பசை; சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரத்தைச் சுழல விடாது. நம் கரிசல் காட்டில் மழைநாளில் சைக்கிளைத் தோளில் தூக்கிப்போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாதை அடைபட்டபோது ரயில் தண்டவாளத்தில் ஏறி, சிலீப்பர் கட்டைகளின் மேல் உடம்பு குலுங்கக் குலுங்கப் போனார்கள். நெப்ராஸ்காவின் மணல்மேடுகளில் மிதிக்கவே முடியவில்லை. கொதிக்கும் மணலில் தள்ளினார்கள். உப்பேறிய தண்ணீரைக் குடித்துப் பலர் சுருண்டார்கள், மாஸும் அதில் ஒருவர். ஜூலை 24 அன்று செயின்ட் லூயிஸ் சேர்ந்தபோது 1,900 மைல் கடந்திருந்தார்கள். மொத்தம் 41 நாள். ஓட்டிய நாள்களில் சராசரி ஏறக்குறைய 90 கிலோமீட்டர். நகரத்துச் சைக்கிள் ஓட்டிகள் எதிர்கொண்டு வந்து அழைத்துப்போனார்கள், ஆயிரக்கணக்கானோர் பூங்காவில் கூடி வேடிக்கை பார்த்தார்கள். அதன்பின் சிப்பாய்கள் ரயிலில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மறு ஆண்டு ஸ்பெயினோடு போர் வந்தது. 25-ஆம் படை கியூபாவுக்குப் போனது, சைக்கிள் திட்டம் அத்தோடு முடிந்தது.

இந்தப் பயணத்தைப் பற்றி நாம் அறிவதெல்லாம் பெரும்பாலும் மாஸ் எழுதிய அறிக்கையிலிருந்தும் பூஸ் அனுப்பிய செய்திகளிலிருந்தும் வருபவை. இருவரும் வெள்ளையர். எத்தனை பவுண்டு, எத்தனை மைல், எங்கே டயர் போனது என்றெல்லாம் துல்லியமாகக் குறித்தார்கள். மிதித்தவர்களின் வாய்ச்சொல் மிகக் குறைவு. சமூகவியல் வகுப்பில் நமக்குச் சொல்லித்தரும் 'தரவு' என்பதை இப்படியும் பார்க்க வேண்டும்: யாருடைய கால் வலித்ததோ அவர் அதில் எண்ணாக மட்டுமே இருக்கிறார்.

இருபது பேருக்கும் மூத்தவர் சார்ஜென்ட் மிங்கோ சாண்டர்ஸ். அப்போது வயது 39, ஒரு கண்ணில் பார்வை குறைவு. முழுத் தூரமும் மிதித்தார், கியூபாவிலும் போரிட்டார். 1906 ஆகஸ்டில் டெக்சாசின் பிரௌன்ஸ்வில் ஊரில் நள்ளிரவில் துப்பாக்கிச் சூடு நடந்து ஒருவர் இறந்தார். வெள்ளையர் கறுப்பினச் சிப்பாய்களைக் கைகாட்டினார்கள். விசாரணை மன்றம் இல்லை, யார்மீதும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 167 பேரை ஒரே உத்தரவில் படையிலிருந்து நீக்கினார். கால் நூற்றாண்டு பணியாற்றி ஓய்வூதியத்தை நெருங்கியிருந்த சாண்டர்சும் அதில் ஒருவர். மாஸ் உயர்பதவிகளுக்குப் போனார், ராணுவப் பயிற்சி நூல்கள் எழுதிப் பெயர் பெற்றார்.

சைக்கிளைத் தேர்ந்தெடுக்கும் எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத ஒன்று, பாதை யாருடையது என்பது. தமிழ்நாட்டில் சேரியிலிருந்து கிளம்பிய சைக்கிள் ஊர்த்தெரு முனையில் நின்று, ஓட்டியவர் இறங்கித் தள்ளிப்போன கிராமங்கள் உண்டு. நல்ல ரிம் இருந்து என்ன, நல்ல டயர் இருந்து என்ன? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பொது இடத்தில் தலித் ஒருவர் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று அதில் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. இருபத்தோராம் நூற்றாண்டில் ஒரு சட்டத்தில் 'சைக்கிள்' என்ற சொல்லை எழுத வேண்டியிருந்தது. களத்துக்குப் போகும் தோழர்கள் அந்தப் பிரிவை, 3(1)(za)-வை, ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள்.

பிரௌன்ஸ்வில் சிப்பாய்கள்மீதான பழியை அமெரிக்க ராணுவம் 1972-இல் நீக்கியது. சாண்டர்ஸ் 1929-இலேயே இறந்துவிட்டார். இரண்டு ஆண்டு கழித்து, 1974-இல், மொன்டானா பல்கலைக்கழகத்தின் கறுப்பின ஆய்வு மாணவர்கள் மிசூலாவிலிருந்து புறப்பட்டு அதே பாதையில் செயின்ட் லூயிஸ் வரை சைக்கிள் மிதித்துப் போனார்கள்.