அமைவுக் கோப்புகளும் செயலிக் கோளாறுகளும்

கணினிச் செயலி ஒன்று எப்படி இயங்க வேண்டும் என்ற விவரங்களைத் தாங்கி நிற்பது அமைவுக் கோப்பு. கணினிக்காரர்கள் பேச்சில் இது கான்ஃபிக் ஃபைல். எழுத்துரு, சாளரம் கடைசியாக நின்ற இடம், சேர்த்த நீட்சிகள் எனப் பயனர் அறிந்து மாற்றியதும் அறியாமல் மாறியதும் இதில் பதிவாகின்றன. நேற்றுவரை ஒழுங்காக ஓடிய செயலி இன்று திறந்ததும் மூடிக்கொண்டாலோ, அதன் கருவிப்பட்டை காணாமல் போனாலோ, முதலில் பார்க்க வேண்டிய இடங்களில் இது ஒன்று.

பலரும் செய்வதோ செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது. அமைவில் கோளாறு இருந்தால் இது பெரும்பாலும் வீண் வேலை. வின்டோஸில் செயலி வழக்கமாக ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறையில் இருக்கும். பயனரின் அமைவுகள் ‘ஆப்டேட்டா’வில் இருக்கும். நீக்கும்போது முன்னது போய்விடும். பயனரின் விருப்பங்கள் அழியக் கூடாதென்று பின்னதை அநேகச் செயலிகள் விட்டுவைக்கின்றன. புதிதாக நிறுவியதும் அதே பழுதான கோப்பைப் படித்து அதே இடத்தில் விழும்.

லிபர்ஆபீஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் அமைவுகள் வின்டோஸில் ஆப்டேட்டாவின் ‘ரோமிங்’ பகுதியிலும், லினக்ஸில் வீட்டுக் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் ‘.கான்ஃபிக்’கிலும் உள்ளன. இரண்டிலும் பாதை ‘லிபர்ஆபீஸ்’, ‘4’, ‘யூசர்’ என்று முடியும். நான்காம் பதிப்பில் வந்த அந்த எண் பின்வந்த பதிப்புகளிலும் மாறவில்லை. ஆகவே எத்தனை முறை மேம்படுத்தினாலும் பழைய சுயவிவரமே தொடர்கிறது. ஆண்டுக்கணக்கான குப்பையும் கூடவே வருகிறது.

சோதிக்கும் முறை எளிது. செயலியை முழுவதும் மூட வேண்டும். பின்னணியில் ஓடும் விரைவுத்தொடக்கியும் இதில் அடக்கம். பிறகு ‘யூசர்’ கோப்புறைக்கு வேறு பெயர் வைத்துவிட்டுத் திறந்தால் லிபர்ஆபீஸ் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். கோளாறு மறைந்தால் குற்றவாளி பழைய கோப்புறை. மறையாவிட்டால் ஆவணத்தையோ திரையட்டை இயக்கியையோ பார்க்கப் போகலாம். அழிக்காமல் பெயர் மாற்றுவதற்குக் காரணம் உண்டு. உள்ளே ‘வேர்ட்புக்’ என்ற துணைக் கோப்புறையில் பயனரின் சொந்த அகராதி இருக்கிறது. தமிழில் தட்டச்சு செய்பவர், சிவப்புக் கோடு விழாமலிருக்கச் சேர்த்துவைத்த சொற்களெல்லாம் அங்கேதான். அதையும் வார்ப்புருக்களையும் மட்டும் புதியதற்குள் நகலெடுத்தால் போதும். மொத்தத்தையும் திருப்பிக் கொண்டுவந்தால் நோயும் திரும்பும். 2017இல் வெளிவந்த 5.3 பதிப்பிலிருந்து, உதவிப் பட்டியலிலேயே பாதுகாப்பு முறையில் திறக்கும் வசதி இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸின் ‘பழுதறி முறை’யும் ஏறக்குறைய இதே எண்ணத்தில் அமைந்ததே.

கோப்பைக் கையால் திருத்துவதில் வரும் பிழைகள் தனி ரகம். செயலி ஓடிக்கொண்டிருக்கும்போது திருத்தினால், மூடும் தறுவாயில் அது தன் நினைவிலுள்ளதை மேலெழுதிவிடக்கூடும். ஃபயர்ஃபாக்ஸின் விருப்பக் கோப்பு இதைத் தன் தலைப்பிலேயே எச்சரிக்கிறது. ஜேசான் வடிவத்தில் கடைசி உறுப்புக்குப் பின் காற்புள்ளி வரக் கூடாது. யாமல் வடிவத்தில் உள்தள்ளலுக்கு டேப் ஆகாது. கண்ணுக்குத் தெரியாத பிழைகளும் உண்டு. பழைய நோட்பேட், யூடிஎஃப்-8இல் சேமிக்கும்போது கோப்பின் தலையில் மூன்று பைட் அடையாளம் ஒன்றை வைக்கும். சில செயலிகள் அதைப் படித்ததும் குழம்பும். 2019இல் வந்த வின்டோஸ் 10இன் 1903 பதிப்பில்தான் அது இயல்பாக வைக்கப்படுவது நின்றது. பின்னொட்டை மறைத்துக் காட்டும் வின்டோஸில், ‘.ஐஎன்ஐ’ என்று நம்பிச் சேமித்தது உண்மையில் ‘.ஐஎன்ஐ.டிஎக்ஸ்டி’ ஆகிவிடுவதும் வாடிக்கை.

திருத்தம் சரியாக இருந்தும் பலன் இல்லையென்றால், செயலி வேறு கோப்பைப் படிக்கிறது என்று கொள்ளலாம். யூனிக்ஸ் வழிச் செயலிகள் பலவற்றில் கணினி முழுமைக்குமான அமைவைப் பயனரின் அமைவும், அதைச் சூழல் மாறியும், அதையும் கட்டளை வரியில் கொடுத்ததும் மீறும். எந்த மதிப்பு எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பதை கிட் செயலி கேட்டால் சொல்லிவிடும். அப்படிச் சொல்லாதவற்றுக்கு லினக்ஸில் எஸ்ட்ரேஸும், வின்டோஸில் பிராசஸ் மானிட்டரும் உண்டு. செயலி திறக்க முயலும் ஒவ்வொரு கோப்பையும் இவை வரிசையாகக் காட்டும். வின்டோஸில் அமைவுகள் கோப்பில் அல்லாமல் ரெஜிஸ்ட்ரியிலும் இருக்கலாம் என்பதால் அதையும் சேர்த்துக் காட்டும் பிராசஸ் மானிட்டர் கூடுதல் பயன். மேக்கில் அமைவுகளைத் தாங்கும் பிளிஸ்ட் கோப்பை அழித்தும் பழைய மதிப்பே நீடிக்கலாம்: பின்னணிச் சேவை ஒன்று அதை நினைவில் வைத்திருக்கும்.

உதவி கேட்டுக் கோப்பைப் பிறருக்கு அனுப்புமுன் கடவுச்சொல்லும் அணுகல் சாவியும் உள்ளே இருக்கின்றனவா என்று பார்த்து அழிப்பது அவசியம். இவை வெறும் எழுத்தாகவே கிடப்பது சாதாரணம்.

சர்வர் மென்பொருள்களில் கோப்பை நடைமுறைக்குக் கொண்டுவருமுன் சோதிக்கும் வழி உண்டு. என்ஜின்எக்ஸும் அப்பாச்சியும் இலக்கணப் பிழையை வரி எண்ணோடு சொல்லும். லினக்ஸில் நிர்வாக அதிகாரத்தை வரையறுக்கும் சூடோயர்ஸ் கோப்பை விசூடோ என்ற கருவி வழியாகவே திருத்தச் சொல்வதும் இதற்காகத்தான். அதில் பிழை நேர்ந்து, அந்த அதிகாரத்தைத் தரும் சூடோ கட்டளை மறுத்துவிட்டால், அந்தப் பிழையைத் திருத்தத் தேவையான அதிகாரமே கைவிட்டுப் போகக்கூடும்.