ஆரம்பப் பாடசாலையிற் கிராமிய நடனம்: ஆங்கில நாட்டு வரலாறு

கிராமிய நடனம் பாடசாலைப் பாடமாகுங்கால் ஆசிரியர் பேணவேண்டுவது அடிவைப்பின் திருத்தமா, ஆடுவோரின் மகிழ்ச்சியா? ஆங்கில நாட்டில் இவ்வினா பெரும் பிணக்காய் மூண்டது.

1899ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள், ஒக்ஸ்போர்ட்டை அடுத்த ஹெடிங்டனில், காலில் மணி கட்டி ஆடவர் ஆடும் 'மொரிஸ்' நடனத்தை இசையாசிரியர் செசில் ஷார்ப் கண்டார். வில்லியம் கிம்பர் என்னும் கொத்தனார் வாசித்த மெட்டுக்களை அவர் எழுதிக்கொண்டார். 1905இல் மேரி நீல் என்னும் அம்மையார் அதே கிம்பரை லண்டனுக்கு அழைத்து, தையற்றொழில் புரிந்த ஏழைப் பெண்களுக்கு அந்நடனங்களைக் கற்பிக்கச் செய்தார். கற்ற பெண்களே பின்னர் ஊரூராய்ச் சென்று பிறருக்கும் கற்பித்தனர்.

1909இல் கல்விச் சபை ஆரம்பப் பாடசாலை உடற்பயிற்சிப் பாடத்திட்டத்திற் கிராமிய நடனத்துக்கு இடமளித்தது. யார் கற்பிப்பது என்னும் கேள்வி உடனே முன்னின்றது. முறையாகப் பயின்ற ஆசிரியரே வேண்டும் என்றார் ஷார்ப். ஆடி மகிழ்ந்தவர் எவரும் கற்பிக்கலாம் என்றார் நீல். 1911இல் ஷார்ப் ஒரு சங்கம் நிறுவிப் பரீட்சையும் சான்றிதழும் ஏற்படுத்தினார். 1914இல் போர் மூண்டதும் நீலின் கழகம் ஓய்ந்தது. ஷார்ப்பின் முறையே நிலைத்தது.

ஷார்ப்பின் உழைப்பின்றேல் பல நடனங்கள் ஏட்டிலேறாது மறைந்திருக்கும். ஆயினும் சிறுவருக்கு முதலில் ஆடும் விருப்பத்தையும், பின்னரே அடியின் திருத்தத்தையும் ஊட்டுதல் வேண்டும் என்பதே இவ்வழக்கினின்றும் ஆசிரியர் பெறத்தக்க முடிபாகும்.