கைத்தொழில் அறிந்த கூலியாட்கள்: ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டுத் தொழிற்சான்று ஏற்பின் வரலாறு

ஒரு நாட்டில் முறையாகத் தொழில் பயின்ற ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் போன்றோர் வேறொரு நாட்டில் குடியேறும்போது, அவர்களது பயிற்சியை அந்நாடு ஒப்புக்கொள்வதே தொழிற்சான்று ஏற்பு எனப்படும். இதன் வரலாற்றை அறிய ஆஸ்திரேலியா ஏற்ற எடுத்துக்காட்டு ஆகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெரும் எண்ணிக்கையில் வெளியாரை அழைத்துக்கொண்ட நாடு அது. அழைத்தவர்களின் திறமையை நம்பத் தயங்கிய நாடும் அதுவே.

போர்க்காலப் பின்னணி

போரின்போது ஆஸ்திரேலியத் தொழிற்சாலைகளில் ஆயுதங்களும் இயந்திரங்களும் செய்யப் போதிய தொழில்வினைஞர் இல்லை. அந்நாளில் ஒருவர் முழுத் தகுதி பெற்ற வினைஞராக வேண்டுமானால் ஆண்டுக்கணக்கில் ஒரு பட்டறையில் பயிலுநராக இருந்தாக வேண்டும். போருக்கு அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. எனவே குறுகிய காலம் பயிற்றுவிக்கப்பட்டவர்களையும் வினைஞர் வேலையில் அமர்த்தத் தொழிற்சங்கங்கள் இசைந்தன. இவர்கள் 'கூடுதல் வினைஞர்' எனப்பட்டனர். போர் முடிந்ததும் முறையாகப் பயின்றவர்களின் இடம் பறிபோகக்கூடாது என்பது சங்கங்களின் நிபந்தனை.

அந்த வாக்குறுதியைக் காக்க வந்ததே 1946ஆம் ஆண்டின் தொழில்வினைஞர் உரிமை ஒழுங்குமுறைச் சட்டம். பொறியியல், கொதிகலன் செய்தல், கொல்லு வேலை, தகட்டு வேலை, மின்தொழில், காலணித் தொழில் ஆகியவை இதன் வரம்புக்குள் வந்தன. தொழிற்சங்கத்தார், முதலாளிகள் தரப்பினர், அரசுப் பிரதிநிதி ஆகிய முத்தரப்பினரும் அமர்ந்த வட்டாரக் குழுக்கள் அமைக்கப்பட்டன. யார் 'ஏற்கப்பட்ட வினைஞர்' என்று முடிவு செய்து சான்றிதழ் வழங்குவது அவற்றின் பணி.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இச்சட்டம் வெளிநாட்டவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டதன்று. உள்நாட்டுத் தொழிலாளி தன் வேலையைக் காத்துக்கொள்ளப் போட்டுக்கொண்ட வேலி அது. அடுத்த சில ஆண்டுகளில் வந்து இறங்கிய ஐரோப்பியர்களுக்கு அந்த வேலியில் இருந்த கதவுதான் நுழைவாயில் ஆயிற்று.

இடம்பெயர்ந்தோர் வருகை

1947 ஜூலையில் குடிவரவு அமைச்சர் ஆர்தர் கால்வெல், ஐரோப்பிய முகாம்களில் தங்கியிருந்த இடம்பெயர்ந்தோரை ஏற்பதற்குப் பன்னாட்டு அகதிகள் அமைப்புடன் ஒப்பந்தம் செய்தார். அதே ஆண்டு நவம்பர் 28 அன்று முதல் கப்பலான ஜெனரல் ஸ்டூவர்ட் ஹைன்ட்சல்மன், எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா நாடுகளைச் சேர்ந்த 843 பேருடன் ஃப்ரிமேன்டில் துறைமுகத்தை அடைந்தது. அவர்கள் பின்னர் விக்டோரியா மாநிலத்தின் போனகில்லா முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். இத்திட்டத்தின்கீழ் அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 1,70,000 பேர் வந்தனர்.

இலவசப் பயணத்துக்கு ஈடாக, அரசு காட்டும் இடத்தில் இரண்டு ஆண்டுகள் வேலை செய்வதாக அவர்கள் ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டும். ஆண்களுக்குக் 'கூலியாள்', பெண்களுக்கு 'வீட்டுப் பணியாள்' என்பதே பொதுவான வகைப்பாடு. கடைசல் இயந்திரத்தில் பல ஆண்டு நின்றவரும் கூலியாள். கணக்கர் வேலை பார்த்தவரும் கூலியாள். கரும்பு வெட்டவும், செங்கல் சூளைக்கும், இருப்புப்பாதைப் பணிக்கும் அனுப்பப்பட்டனர். உள்ளூர்த் தொழிலாளிக்கு உரிய அதே கூலி இவர்களுக்கும் தரப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். இவர்களை வைத்துக் கூலியைக் குறைக்கக்கூடாது என்பதில் சங்கங்கள் உறுதியாக இருந்தன. ஆகவே சுரண்டல் என்ற ஒற்றைச் சொல்லில் இதை அடக்கிவிட முடியாது. பறிபோனது தொழில் அடையாளம்.

மருத்துவர்களின் நிலை இன்னும் கடினம். பெரும்பாலான மாநிலங்களில் அவர்கள் மருத்துவக் கல்லூரிக்குத் திரும்பி, படிப்பின் பிற்பகுதி ஆண்டுகளை மீண்டும் படிக்க வேண்டியிருந்தது. மருத்துவர் தட்டுப்பாடு இருந்த பாப்புவா நியூகினியில் சிலர் மருத்துவராகவே பணியாற்ற இசைவு பெற்றனர். இந்த அகதி மருத்துவர்களைப் பற்றி ஈகான் குன்ஸ் 1975இல் ஒரு நூலே எழுதியுள்ளார்.

குழுவின் முன்னால்

ஒப்பந்தக் காலம் முடிந்த வினைஞர், தம் தொழிலுக்குத் திரும்ப வட்டாரக் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். எங்கே பயின்றார், எத்தனை ஆண்டு, எந்த இயந்திரங்களில் வேலை செய்தார் என்பதற்குச் சான்று வேண்டும். பயின்ற பட்டறை குண்டுவீச்சில் அழிந்திருக்கலாம். ஊர் வேறொரு அரசின்கீழ் போயிருக்கலாம். முதலாளி உயிரோடு இல்லாமல் இருக்கலாம். காகிதம் இருந்தாலும் அது ஜெர்மன் மொழியிலோ போலிஷ் மொழியிலோ இருக்கும். கேள்விகள் ஆங்கிலத்தில்.

பிரிட்டனிலிருந்து பத்துப் பவுன் கட்டணத்தில் வந்தவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆஸ்திரேலியப் பயிற்சிமுறையே பிரிட்டனின் முறையைப் பார்த்து அமைந்தது என்பதால், அவர்களது சான்றிதழைப் படிக்கத் தெரிந்தவர்கள் குழுவில் இருந்தார்கள். குழுவினர் அறிந்திருந்தது ஒரே அளவுகோல். அது பிரிட்டனின் அளவுகோல்.

இருந்தும், இந்தக் குழு முறைக்கு ஒரு நன்மை உண்டு என்பது என் கருத்து. குழுவில் இருந்தவர்கள் தொழில் தெரிந்தவர்கள். தாளை மட்டும் பார்க்காமல் ஆளையும் கேள்வி கேட்டார்கள். ஒரு ஃபிட்டரிடம் மற்றொரு ஃபிட்டர் பத்து நிமிடம் பேசினால் உண்மை தெரிந்துவிடும். மருத்துவர்களுக்கும் பொறியாளர்களுக்கும் அப்படி ஒரு பொது வாயில் நெடுங்காலம் இல்லை. உயர்தொழில் தகுதிகளை ஆராய ஒரு தேசியக் குழு 1969இல்தான் ஏற்பட்டது.

ஸ்னோயி மலைத் திட்டம்

1949 அக்டோபரில் தொடங்கி 1974இல் நிறைவடைந்த இந்த நீர்மின் திட்டத்தில் 16 பெரிய அணைகளும் ஏழு மின்நிலையங்களும் ஏறத்தாழ 145 கிலோமீட்டர் சுரங்க வழிகளும் கட்டப்பட்டன. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் இதில் உழைத்தனர், பெரும்பாலோர் குடியேறியவர்கள். 121 பேர் பணியில் உயிரிழந்தனர். ஆணையர் வில்லியம் ஹட்சன் ஐரோப்பாவிலேயே வினைஞர்களைத் தேர்ந்தெடுத்து வரவழைக்கவும் செய்தார். முகாமில் கூலியாள் என எழுதப்பட்டவருக்கும் இங்கே அவசரம் கைகொடுத்தது. மலையைக் குடையும் இடத்தில் பழுதான இயந்திரத்தைச் சரிசெய்யத் தெரிந்தவர்தான் தேவைப்பட்டார்.

ஆசியர்களும் இன்றைய நிலையும்

இவ்வளவும் ஐரோப்பியரின் கதை. வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை இருந்தவரை ஆசியத் தொழிலாளி விண்ணப்பிக்கும் நிலைக்கே வர முடியாது. 1973இல் குடிவரவுத் தேர்வில் இனப் பாகுபாடு நீக்கப்பட்டது. 1983 இனக்கலவரத்துக்குப் பின் குடியேறிய இலங்கைத் தமிழரும், பின்னாளில் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களும் அதன் பிறகே இந்த வாயிலுக்கு வந்தார்கள். சான்றைத் தொலைத்துவிட்டு ஊரைவிட்டு ஓடியவரின் சிக்கல் அவர்களில் சிலருக்கு அப்படியே திரும்ப நேர்ந்தது.

இன்று தொழில்களுக்கான மதிப்பீட்டை டிரேட்ஸ் ரெகக்னிஷன் ஆஸ்திரேலியா என்ற அரசு அமைப்பு நடத்துகிறது. நம் ஐ.டி.ஐ. சான்றிதழ் இருந்தால் மட்டும் போதாது. சம்பளச் சீட்டு, வேலை விவரம் கொண்ட முதலாளியின் கடிதம் போன்ற ஆவணங்களும் கேட்கப்படும். சில தொழில்களுக்கு நேர்காணலும் செய்முறைத் தேர்வும் உண்டு. வேலை பார்க்கும் நாளிலேயே இவற்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளாதவர்கள் பின்னர் மிகவும் சிரமப்படுகிறார்கள்.

எலக்ட்ரீஷியனுக்கு இதற்கு மேலும் ஒரு படி உள்ளது. மதிப்பீட்டில் தேறிக் குடியேறிய பின்னும், தனியே வேலை செய்யும் உரிமத்தை அந்தந்த மாநிலமே வழங்கும். அதுவரை தற்காலிக உரிமத்தின்பேரில் உரிமம் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்துகொண்டே, ஆஸ்திரேலிய மின் விதிகள் குறித்த இடைநிரப்புப் பயிற்சியையும் முடிக்க வேண்டும்.