சாக்பீஸ் வாங்கிக் கொடுத்தவர்கள்



மகளைப் பார்க்க நியூஜெர்சி போயிருந்தபோது, டோவர் என்ற ஊர் வழியாகக் காரில் வந்தோம். ஒரு பெரிய கட்டடத்தைக் காட்டி மாப்பிள்ளை, "மாமா, இது காமிக்ஸ் வரையச் சொல்லிக் கொடுக்கிற ஸ்கூல்" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். வகுப்பில் காமிக்ஸ் புத்தகங்களைப் பிடுங்கி மேசை டிராயரில் போட்டே பழகியவன் நான். அதற்கென்று ஒரு பள்ளிக்கூடமா! வீட்டுக்கு வந்து, அதைத் தொடங்கிய ஜோ கியூபர்ட்டைப் பற்றித் தேடிப் படித்தேன். உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1926 செப்டம்பரில் போலந்து நாட்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அமெரிக்காவுக்குப் புறப்பட்ட பெற்றோரை, தாய் கர்ப்பிணி என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். குழந்தை பிறந்த பிறகு மறுபடியும் புறப்பட்டு, இரண்டு மாதக் கைக்குழந்தையோடு நியூயார்க் வந்து சேர்ந்தார்கள். புரூக்ளின் பகுதியில் தந்தை இறைச்சிக் கடை வைத்துப் பிழைத்தார்.

பையனுக்கு மூன்று நான்கு வயதிலேயே கையில் எது கிடைத்தாலும் வரைய வேண்டும். அக்கம்பக்கத்தார் திட்டவில்லை. காசு போட்டு சாக்பீஸ் வாங்கிக் கொடுத்தார்களாம், தெருவில் வரைந்துகொள் என்று! கறிக்கடைக்காரத் தந்தையோ, தன் சொற்ப வருமானத்தில் மகனுக்குப் படம் வரைய ஒரு மேசையே வாங்கித் தந்தார். பள்ளி நாட்களிலேயே பையன் காமிக்ஸ் தயாரிக்கும் கூடங்களுக்குப் போய்வர ஆரம்பித்தான். அங்கிருந்த பெரிய ஓவியர்கள் அவனை விரட்டாமல், தவறுகளைத் திருத்திக் கொடுத்தார்கள்.

அந்தப் பையன்தான் பின்னாளில் 'ஹாக்மேன்', 'சார்ஜென்ட் ராக்', 'டார்ஜான்' படக்கதைகளை வரைந்து புகழ்பெற்றார். 1967 முதல் டி.சி. நிறுவனத்தில் இதழாசிரியர் பொறுப்பும் சேர்ந்தது. போர்க்கதை இதழ்களும் அவர் கையில் வந்தன. அப்போது வியட்நாமில் போர் நடந்துகொண்டிருந்தது. வீரசாகசம் என்றால் நன்றாக விற்கும். ஆனாலும் அவர் ஒரு காரியம் செய்தார். கதைகளின் முடிவில் "இனிப் போர் வேண்டாம்" என்ற பொருள்படும் சிறு முத்திரையைப் பதிக்க வைத்தார். போர்க்கதையை விற்றுக்கொண்டே அதன் கடைசிக் கட்டத்தில் போர் வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

1976இல், ஐம்பது வயதில், மனைவி மியூரியலுடன் சேர்ந்து டோவரில் அந்தப் பள்ளியைத் தொடங்கினார். மூன்றாண்டுப் படிப்பு. நிர்வாகத்தை அந்த அம்மையார் பார்த்துக்கொள்ள, இவர் பாடம் எடுத்தார். முதல் வகுப்பில் இருபது பேருக்குச் சற்று மேல்தான். அவர்களில் சிலர் பெரிய ஓவியர்களாக வந்தார்கள். அவருடைய மகன்கள் ஆடம், ஆண்டி இருவரும் அங்கே படித்து அதே தொழிலுக்கு வந்தவர்கள்தான்.

வயதானபின் அவர் செய்த இரண்டு வேலைகள் என்னை உலுக்கிவிட்டன. 1992இல் போஸ்னியாவின் சரயேவோ நகரம் முற்றுகையிடப்பட்டபோது, எர்வின் ருஸ்டெமாகிச் என்ற பதிப்பாளர் நண்பர் குடும்பத்தோடு மாட்டிக்கொண்டார். வீடு எரிந்தது. அவர் சேர்த்து வைத்திருந்த ஓவியங்களும் எரிந்தன. வெளியுலகோடு தொடர்பு ஃபேக்ஸ் மூலம்தான். வந்த அந்தக் கடிதங்களைக் கொண்டே கியூபர்ட் 1996இல் ஒரு படக்கதை நூல் வெளியிட்டார். 2003இல் 'யோசெல்' என்ற இன்னொரு நூல். பெற்றோர் போலந்திலேயே தங்கியிருந்தால் தன் கதி என்ன ஆகியிருக்கும்? நாஜிகள் அடைத்து வைத்த வார்சா சேரியில் படம் வரையும் சிறுவனாகத் தன்னையே கற்பனை செய்து வரைந்தார். மை பூசவில்லை, வெறும் பென்சில் கோடுகளாகவே அச்சிட்டார். 2012 ஆகஸ்டில், 85 வயதில் மறைந்தார்.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு ஒரு பையன் ஞாபகம் வந்தான். ஐந்தாம் வகுப்பு, கடைசி பெஞ்ச். கணக்கு நோட்டின் பின்பக்கம் முழுக்க இரும்புக்கை மாயாவி. பார்த்து வரைந்ததுதான், ஆனால் அந்த விரல்களை அப்படியே உயிரோடு வரைந்திருந்தான். வகுப்பு முன்னால் நிறுத்தி, அந்தப் பக்கங்களைக் கிழித்தேன். அவன் அழவில்லை. அதன்பிறகு என் வகுப்பில் அவன் வரைந்து நான் பார்த்ததே இல்லை. கணக்கிலும் தேறவில்லை. சாக்பீஸ் பெட்டி முழுக்க என் கையில்தான் இருந்தது. ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கலாம்.

தம்பி, நீ இதைப் படிக்க நேர்ந்தால், சாரை மன்னித்துவிடு. இப்போதும் வரைகிறாயா என்று ஒரு வரி எழுது.

உங்களில் பலர் இன்று அப்பா அம்மா, சிலர் ஆசிரியர்கள். பிள்ளை சுவரில் கிறுக்கினால் கையை ஓங்காதீர்கள். முதலில் என்ன வரைந்திருக்கிறான் என்று பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்